வட்ஸ்அப்பில் வந்த ஈசிஜி

1905 மார்ச் 22ஆம் திகதி, நெதர்லாந்தின் லைடன் நகரில் திடகாத்திரமான மனிதர் ஒருவர் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலிருந்து சைக்கிளில் வைத்தியசாலைக்குப் போனார். அங்கே கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் நிரப்பிய பாத்திரங்களுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்தத் தண்ணீரோடு தொடுக்கப்பட்ட கம்பிகள் தொலைபேசி வடத்தில் சேர்ந்து, ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி, அவர் புறப்பட்டு வந்த அதே ஆய்வுகூடத்தில் போய் முடிந்தன. மறுமுனையில் காத்திருந்தவர் வில்லெம் ஐந்தோவன். தொலைவில் துடித்த இதயம் அவருடைய கருவியில் கோடாக விழுந்தது. கோட்டின் உச்சிகள் வழக்கத்தைவிட உயரமாக இருந்தன. சைக்கிள் மிதித்து வந்த களைப்புத்தான் காரணம் என்று ஐந்தோவன் கணித்தார்.

ஏன் இந்தச் சுற்றுவழி? இதயத்தின் மின்சாரத்தைக் கோடாகப் பதியும் அவருடைய ஈசிஜி கருவி ஏறக்குறைய 270 கிலோ எடை. அதை இயக்கவே ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். கருவியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியாது. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியை ஆய்வுகூடத்துக்குத் தூக்கி வரவும் முடியாது. அதனால் இதயத்தின் மின்சாரத்தை மட்டும் வரவழைத்தார். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையின் பெயரே ‘டெலிகார்டியோகிராம்’. ஈசிஜிக்காக 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று வன்னியில் ஒரு வைத்தியசாலையில் எடுத்த ஈசிஜி, நுகேகொடையில் ஒரு நிபுணரின் கைத்தொலைபேசிக்கு ஒரு நொடியில் வந்துசேர்வதை நாம் புதுமை என்கிறோம். அனுப்புவது புதுமையில்லை, ஈசிஜி பிறந்த சில ஆண்டுகளிலேயே அது பிரயாணம் செய்யத் தொடங்கிவிட்டது. வந்த ஈசிஜியைப் பார்க்க ஆள் வேண்டும், பார்த்ததும் முடிவு சொல்ல வேண்டும், சொன்னதும் அந்த இடத்தில் காரியம் நடக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டைத்தான் உலகம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது.

அந்தக் கோட்டில் என்ன இருக்கிறது?

இதயத்தின் மேல்மூலையில் உள்ள சிறு திசுக் கட்டி ஒன்று ஒவ்வொரு துடிப்புக்கும் முன் ஒரு மின்துடிப்பை எழுப்புகிறது. அது அறைகள் வழியே பரவும்போது தசை சுருங்குகிறது. அந்த மின்சாரத்தின் மிச்சசொச்சம் தோல்வரைக்கும் வருகிறது. தோலில் அதன் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட், அதாவது டோர்ச் பற்றரி ஒன்றின் அழுத்தத்தில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. கை கால்களில் நான்கு, நெஞ்சில் ஆறு என்று பத்து இடங்களில் ஒட்டிய முனைகள் அதைப் பிடிக்கின்றன. பத்து முனைகளிலிருந்து பன்னிரண்டு கோணப் பார்வைகள் கிடைக்கின்றன. காலி வீதியில் ஆடிவேல் தேர் வரும்போது முன்னால் நிற்பவருக்குத் தெரிவது வேறு, மாடியில் நிற்பவருக்குத் தெரிவது வேறு, பின்னால் வருபவருக்குத் தெரிவது வேறு. தேர் ஒன்றுதான். ஈசிஜியும் ஒரே இதயத்தைப் பன்னிரண்டு பேர் பார்த்துச் சொன்ன சாட்சியம்.

இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று முற்றாக அடைபட்டால், அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசைப்பகுதி மின்சாரத்தில் முறையிடும். பெரிய உச்சிக்கும் அதற்கு அடுத்த மேட்டுக்கும் இடையில் சமமாக ஓடவேண்டிய கோட்டுத்துண்டு மேலே எழும்பிவிடும். அதை ‘எஸ்டி உயர்வு’ என்கிறார்கள். எந்தக் கோணங்களில் எழும்பியிருக்கிறது என்பதை வைத்து, பாதிக்கப்பட்டது இதயத்தின் முன்சுவரா, கீழ்ச்சுவரா, பக்கச்சுவரா என்று சொல்லலாம். பெரும்பாலான கோணங்களில் முடிவைத் தீர்மானிக்கும் உயர்வு வெறும் ஒரு மில்லிமீற்றர், காகிதத்தில் ஒரு சின்னக் கட்டம்.

கைத்தொலைபேசிக்கு ஈசிஜி இவ்வளவு இசைவாக இருப்பதன் இரகசியமும் அந்தக் கட்டங்களில்தான் இருக்கிறது. வழமையாகக் காகிதம் நொடிக்கு 25 மில்லிமீற்றர் வேகத்தில் ஓடும். பத்து மில்லிமீற்றர் உயரம் என்றால் ஒரு மில்லிவோல்ட். கொழும்பிலும் கோவையிலும் கொரியாவிலும் இதே கணக்கு. அளவுகோல் படத்துக்குள்ளேயே அச்சாகி வருவதால் எந்தத் திரையில், எந்த அளவில் பார்த்தாலும் கட்டங்களை எண்ணி அளந்துவிடலாம். இதய ஒலியையோ எக்கோ பரிசோதனையையோ இத்தனை எளிதாக ஒரு படத்தில் அடக்கி அனுப்ப முடியாது.

அடைப்புக்கும் முடிவுக்கும் இடையில்

நுகேகொடையில் வசிப்பவருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஒரு பக்கம் தலபத்பிட்டியில் ஶ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை, மறுபக்கம் களுபோவில போதனா வைத்தியசாலை, இன்னும் கொஞ்சம் போனால் தேசிய வைத்தியசாலையின் இருதய நோய்ப் பிரிவு. ஹைலெவல் வீதி நெரிசலைக் கழித்துப் பார்த்தாலும் இதய நிபுணர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். வன்னியிலோ ஊவாவின் உட்கிராமங்களிலோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிபவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களின் காரணங்களில் முதலிடத்தில் நிற்பது இதயத்துக்கு இரத்தம் குறையும் இந்த நோய்தான்.

அடைப்பைத் திறக்க இரண்டு வழிகள். ஒன்று, கை அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, பலூனால் அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைப்பது. இதுவே சிறந்தது. ஆனால் அதற்குரிய ஆய்வுகூடமும் ஆட்களும் வேண்டும். மற்றது, குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிப்லேஸ் போன்ற மருந்துகளைச் சிறிய வைத்தியசாலையிலும் கொடுக்கலாம். மாரடைப்பு என்று தெரிந்ததிலிருந்து 120 நிமிடங்களுக்குள் பலூன் சிகிச்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது என்றால், தாமதிக்காமல் இருக்கிற இடத்திலேயே ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு 24 மணித்தியாலத்துக்குள் அன்ஜியோகிராம் செய்ய அனுப்பு என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட விதி. முதல் இரண்டு மூன்று மணித்தியாலங்களில்தான் ஊசிக்கு முழுப் பலன். நேரம் போகப்போகத் தசை செத்துக்கொண்டே போகும். செத்த தசை திரும்பி வராது.

அப்படியானால் ஊசியை உடனே போடவேண்டியதுதானே? இங்கேதான் இளம் வைத்தியரின் கை நடுங்குகிறது. கட்டியைக் கரைக்கும் மருந்து மற்ற இடங்களிலும் இரத்தத்தை உறையவிடாது. ஏறத்தாழ நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவில் மூளைக்குள் இரத்தம் கசியலாம். அதோடு, எஸ்டி உயர்வெல்லாம் மாரடைப்பும் அல்ல. இதயத்தைச் சுற்றியுள்ள உறை அழற்சியிலும் எஸ்டி உயரும். சில ஆரோக்கியமான இளைஞர்களுக்கு இயல்பிலேயே கொஞ்சம் உயர்ந்திருக்கும். பெருநாடியின் சுவர் கிழிந்து வரும் நெஞ்சுநோவுக்கு இந்த ஊசியைப் போட்டால் உயிரே போகலாம். ஆகவே அந்த இளம் வைத்தியருக்குத் தேவைப்படுவது, இது மாரடைப்புத்தான், போடலாம் என்று பொறுப்போடு சொல்லும் ஒரு குரல்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். இரவு ஒரு மணி, வன்னியில் ஓர் ஆதார வைத்தியசாலை. ஐம்பது வயதுக் கமக்காரர் ஒருவர் வியர்த்துக் கொட்டியபடி வந்திருக்கிறார். கடமையிலிருக்கும் வைத்தியர் ஈசிஜியைப் படமெடுத்து அனுப்பிவிட்டு அழைக்கிறார்.

“சேர், ஒரு ஈசிஜி அனுப்பினனான். கீழ்ச்சுவர் மாதிரி இருக்கு.”

“பாத்திட்டன். எத்தினை மணிக்கு நோ தொடங்கினது?”

“பதினொன்றரை எண்டு மனுசி சொல்லுறா.”

“பிரஷர்?”

“தொண்ணூறு.”

“நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை குடுத்திட்டீங்களோ?”

“இல்லை சேர்.”

“குடுக்க வேண்டாம். நெஞ்சில ஒட்டினதை வலப்பக்கத்துக்கு மாத்தி இன்னொரு ஈசிஜி எடுத்து அனுப்புங்கோ.”

அந்த இரண்டாவது ஈசிஜிதான் நிபுணரின் கைவண்ணம். கீழ்ச்சுவர் மாரடைப்பில் சிலவேளை இதயத்தின் வலது கீழறையும் சேர்ந்து பாதிக்கப்படும். அப்போது நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் குளிசை இரத்த அழுத்தத்தைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். வழமையான பன்னிரண்டு கோணங்களும் இதைத் தெளிவாகக் காட்டாது. பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியாக இருப்பது, இரவு ஒரு மணிக்கு இப்படி ஒரு கேள்வியாக வந்துசேர்கிறது.

மறுமுனையில் விழித்திருப்பவர் யார்?

மேலே உள்ள காட்சி ஒரு தனிமனித உறவை நம்பி நிற்கிறது. அந்த நிபுணர் தூங்கிப்போயிருந்தால்? பற்றரி இறங்கியிருந்தால்? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் மூன்று விதமான விடைகள் கிடைத்திருக்கின்றன.

முதலாவது தமிழ்நாட்டினுடையது. கோவை இருதய நிபுணர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முள்ளசாரியும் முன்னின்று நடத்திய திட்டம் அது. பலூன் சிகிச்சை செய்யக்கூடிய நான்கு பெரிய வைத்தியசாலைகளோடு 35 சிறிய மருத்துவ நிலையங்களை இணைத்தார்கள். சிறிய நிலையத்திலும் அம்புலன்சிலும் எடுக்கும் ஈசிஜி கம்பியில்லாமல் பெரிய வைத்தியசாலைக்குப் போகும். 108 அம்புலன்ஸ், அரசின் மருத்துவக் காப்புறுதி இரண்டும் அதே வலையில் கோக்கப்பட்டன. 2,420 நோயாளிகளை வைத்துத் திட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட முடிவு 2017இல் ‘ஜாமா கார்டியாலஜி’ இதழில் வெளிவந்தது. அன்ஜியோகிராம் செய்யப்பட்டவர்கள் 35 வீதத்திலிருந்து 60.8 வீதமாக உயர்ந்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 வீதத்திலிருந்து 14.2 வீதமாகக் குறைந்தார்கள். நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் கூடுதலாக உயிர் பிழைத்தார்கள் என்று அதை வாசிக்க வேண்டும். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இருந்தவற்றை இணைத்ததன் பலன் அது.

இரண்டாவது மங்களூரில். பத்மநாப காமத் என்ற இருதய நிபுணர் 2018இல் ‘வாசலுக்கே இருதய மருத்துவம்’ என்ற பொருளில் பெயரிட்டு ஒரு முயற்சியைத் தொடங்கினார். கருவி எளியது: கர்நாடகக் கிராமப்புற வைத்தியர்களையும் நிபுணர்களையும் சேர்த்த வட்ஸ்அப் குழுக்கள். ஈசிஜி எடுக்க இயந்திரமே இல்லாத ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நன்கொடையாக இயந்திரங்கள் போயின. குழுவில் ஒருவர் தூங்கினாலும் இன்னொருவர் விழித்திருப்பார் என்பதுதான் அதன் பலம்.

மூன்றாவது பெங்களூரில். இருதய வைத்தியர் சரித் போக்ராஜ் 2014இல் தொடங்கிய ‘ட்ரைகாக்’ நிறுவனம், விழித்திருப்பதையே முறைவைத்துச் செய்யும் வேலையாக்கியது. பல ஊர்களின் சிறு மருத்துவ நிலையங்களிலிருந்து வரும் ஈசிஜிகளைக் கணினி முதலில் தரம் பிரிக்கும், கடமையிலிருக்கும் வைத்தியர்கள் பார்த்துச் சில நிமிடங்களில் பதில் அனுப்புவார்கள்.

பெரிய வைத்தியசாலையின் கடமைப் பட்டியல், நண்பர் குழுவின் நல்லெண்ணம், நிறுவனத்தின் முறைவேலை. மூன்றும் மூன்று பாதை. ஆனால் மூன்றிலும் விழித்திருக்க ஆட்கள் உறுதிசெய்யப்பட்டிருக்கிறார்கள்.

விழித்திருப்பவரைத் தேடும் வேலையை நம்மவர்கள் தமக்கே உரிய முறையில் செய்கிறார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுநோ என்றால், ஈசிஜியின் படம் முதலில் போவது டொரன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் டொக்டர் மருமகனுக்கு. கோடைகாலத்தில் இங்கே விடியப்புறம் மூன்று மணி என்றால் டொரன்டோவில் முதல்நாள் மாலை ஐந்தரை, அவர் விழித்திருப்பார். ஆறுதலுக்கு அது நல்லது. ஆனால் நோயாளியை அவர் தொட்டுப் பார்க்க முடியாது, மருந்துத் துண்டு எழுத முடியாது, பக்கத்தில் நிற்கும் தாதிக்குக் கட்டளையிட முடியாது. அவருடைய பதிலுக்காகக் காத்திருக்கும் நிமிடங்களும் தசையின் கணக்கிலிருந்துதான் கழிகின்றன.

படம் எடுப்பதிலும் ஒரு கைப்பக்குவம்

ஒரு மில்லிமீற்றரில் முடிவு தங்கியிருக்கிறது என்றால் படத்தின் தரம் சின்ன விடயமாக இருக்க முடியாது. சுருண்டு மடங்கிய காகிதத்தைக் கட்டிலின் மேல் போட்டுச் சாய்வாக எடுத்தால், சதுரக் கட்டங்கள் ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகலும், அளவு பிழைக்கும். பிளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளை விழுந்து கோடு மறையும். மேசையில் விரித்து, நேர்மேலிருந்து, நிழல் விழாமல் எடுக்க வேண்டும். ஓரத்தில் பெட்டிபோல அச்சாகும் அளவுக்குறி வெட்டுப்படக்கூடாது, அதுதான் உயரத்துக்குச் சாட்சி. வட்ஸ்அப் படங்களைச் சுருக்கி அனுப்பும் என்பதால், முடிந்தால் படமாக அனுப்பாமல் கோப்பாக இணைத்து அனுப்புவது நல்லது. கூடவே வயது, நோ தொடங்கிய நேரம், இரத்த அழுத்தம், நீரிழிவு உண்டா என்ற நான்கு தகவல்கள். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் படத்தில் தேவையில்லை. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலை விசேட காப்புக்குரிய தரவாகவே எண்ணுகிறது.

இன்னொன்று: பல ஈசிஜி இயந்திரங்கள் மையில் அச்சிடுவதில்லை, சூட்டில் அச்சிடுகின்றன. அந்தக் காகிதம் வெயிலிலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் நாளடைவில் வெளிறிப்போகும். கோப்பில் பத்திரமாக வைத்த ஈசிஜியை மூன்று வருடங்களின் பின் எடுத்தால் வெற்றுத்தாள் சிரிக்கலாம். எடுத்த அன்றே படம்பிடித்து வைப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

தொலைபேசியே கருவியானால்?

2010 டிசம்பர் இறுதியில் டேவிட் ஆல்பர்ட் என்ற அமெரிக்க வைத்தியர், ஐபோனின் முதுகில் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டித் தன் ஈசிஜியைத் திரையில் ஓடவிட்டு யூடியூபில் போட்டார். அவருடைய ‘அலைவ்கோர்’ கருவிக்கு 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி கிடைத்தது. தகடுகளுக்கும் தொலைபேசிக்கும் இடையில் கம்பியும் இல்லை, புளூடூத்தும் இல்லை. விரல்கள் தொட்டதும் கருவி இதயத்தின் மின்சாரத்தை ஓர் ஒலியாக மாற்றிப் பாடும். காதுக்கு எட்டாத அளவு கீச்சென்ற ஒலி, ஏறத்தாழ 19 கிலோஹெர்ட்ஸ். பேசுவதற்கென்று வைத்த ஒலிவாங்கி அதைக் கேட்டுத் திரும்பவும் கோடாக்கும்.

அதைவிட எளியது கமெராவில் நாடி பார்ப்பது. பிளாஷை எரியவிட்டு விரல்நுனியைக் கமெரா மேல் வைத்தால், ஒவ்வொரு துடிப்பிலும் விரலுக்குள் இரத்தம் கூடிக் குறையும்போது ஒளியும் கொஞ்சம் குறைந்து கூடும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைக்கும். அது ஒழுங்காக வருகிறதா, தாறுமாறாக வருகிறதா என்பதும் தெரியும். தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பக்கவாதத்துக்கு இட்டுச் செல்லக்கூடியது. வந்து வந்து போகும் குணமுள்ள அதை, வைத்தியரிடம் போகும் நேரத்தில் பிடிப்பது கடினம். எப்போதும் கூடவே இருக்கும் கருவிக்குச் சாத்தியம் அதிகம்.

எல்லையையும் சொல்லியாக வேண்டும். இரண்டு விரலில் எடுக்கும் ஈசிஜியும் 2018இல் அப்பிள் கைக்கடிகாரத்தில் வந்த ஈசிஜியும் பன்னிரண்டில் ஒரே கோணம். தாளம் தப்பினால் சொல்லும். மாரடைப்பு இல்லை என்று சொல்லும் தகுதி அதற்குக் கிடையாது. ‘கடிகாரம் நோர்மல் என்கிறது’ என்று நெஞ்சுநோவோடு வீட்டில் இருப்பது ஆபத்து.

அவசரம் இல்லாத நாட்களில்

தொலைவு ஆலோசனையின் பெரும்பகுதி இரவு ஒரு மணி அவசரமல்ல. ஊரிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, சனல் செய்த இலக்கத்துக்காக மாலைவரை வாங்கில் காத்திருந்து, பத்து நிமிடம் டொக்டரைக் கண்டு, இரவு பஸ்ஸில் திரும்புவோரைக் கொழும்பு நன்றாக அறியும். 2020 கொரோனா ஊரடங்கில் கிளினிக் நோயாளிகளின் மருந்துகள் தபாலில் வீடு தேடி வந்தன. 2022 எரிபொருள் நெருக்கடியில் பக்கத்து ஊர்கூடத் தூரதேசமாகிப்போனது. அந்த இரண்டு காலங்களும் ஒரு பாடத்தைப் படிப்பித்தன: ஒவ்வொரு தடவையும் நோயாளி நேரில் வரத்தான் வேண்டுமா?

இதயம் பலவீனமாகி நீர் கோக்கும் நோயாளியை எடுத்துக்கொள்வோம். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது கொழுப்பல்ல, உடலில் தேங்கும் நீர். மூச்சுத்திணறல் வருவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுக்கும். அந்த எண் ஒரு குறுஞ்செய்தியாகக் கிளினிக்குக்குப் போனால், நீர்போகும் குளிசையைக் கூட்டச் சொல்லி வைத்தியசாலையில் படுப்பதைத் தவிர்க்கலாம். வீட்டில் பார்த்த பிரஷர், வார்ஃபரின் குடிப்பவரின் இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் இதே வகை. புதிய நோயாளி, மாறிய அறிகுறி, வால்வில் கேட்கும் முணுமுணுப்பு ஆகியவற்றுக்கு நேரில் கையும் ஸ்டெதஸ்கோப்பும் எக்கோவும் வேண்டும். எது தொலைபேசிக்கு, எது நேருக்கு என்று பிரிக்கத் தெரிந்த கிளினிக்கில்தான் இரண்டும் உருப்படும்.

முடிவெடுக்கும் அதிகாரம் சிறிய இடத்துக்கும் போக வேண்டும் என்பதற்குத் தமிழ்நாடு இன்னோர் உதாரணம் தந்திருக்கிறது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்குக் கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் 14 மாத்திரைகள் தயாராக இருக்கின்றன: அஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அடோர்வாஸ்டாட்டின் எட்டு. தூரத்திலிருக்கும் நிபுணர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும், அவர் சொல்லும் மருந்து பக்கத்து அலுமாரியில் இல்லையென்றால் அந்தக் கெட்டித்தனம் திரையோடு நின்றுவிடும்.

நம் பக்கத்திலும் கட்டுமானம் இல்லாமலில்லை. இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது. கட்டணம் இல்லை. வாசகர் செய்யக்கூடியவை இரண்டு. இதயநோய் உள்ளவர்கள் தங்கள் கடைசி ஈசிஜியையும் மருந்துப் பட்டியலையும் கைத்தொலைபேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். புது ஈசிஜியில் தெரியும் மாற்றம் இன்று வந்ததா, பத்து வருடமாக இருப்பதா என்ற கேள்விக்கு அந்தப் படம் ஒரு நொடியில் பதில் சொல்லும். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, காரணமில்லாத வியர்வை என்று வந்தால், யாருக்கும் படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்காமல் முதலில் 1990ஐ அழையுங்கள். டொரன்டோ மருமகனுக்கு அம்புலன்ஸ் ஏறியபின் சொல்லிக்கொள்ளலாம்.